குழந்தைக்குப் போகாத மாத்திரை

பெண்களுக்குத் தொண்டையிலிருந்து மார்புக்கு நேராக ஒரு குழாய் போகிறது என்று ஏழெட்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தவன் நான். தெருவில் போகிற யாரோ ஒருவர் நம்பினால் பரவாயில்லை. நான் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, பரீட்சை எழுதித் தேறிய சான்றிதழைக் கண்ணாடி போட்டுத் தலைக்குமேல் மாட்டிக்கொண்டு, ஏற்காட்டு மலையில் ஓர் எஸ்டேட் டிஸ்பென்சரியில் உட்கார்ந்து மருந்து கொடுத்துக்கொண்டே நம்பினேன். பால் கொடுக்கிற தாய் ஒரு மாத்திரையை விழுங்கினால் அது அந்தக் குழாய் வழியாக இறங்கி, அப்படியே முழுசாகக் குழந்தையின் வயிற்றில் போய் உட்கார்ந்துவிடும். அவளுக்குக் கொஞ்சம், குழந்தைக்குக் கொஞ்சம் என்கிற பங்கு பாகமெல்லாம் கிடையாது. முழுசும் குழந்தைக்குத்தான். அப்படியானால் அவளுடைய தலைவலி எப்படித் தீர்கிறது என்று நான் என்னையே ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியம் வந்திருக்காது.

போன மாதம் ஒண்டிக்கடைப் பக்கம் எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்கப் போயிருந்தேன். மருந்துக் கடையில் ஒரு பெண் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பல் வலி. இடுப்பில் கைக்குழந்தை. கடையில் இருக்கிற பிள்ளை புதிதாகப் படித்து வந்தவள். "பால் குடுக்கறீங்களா? அப்ப எதுவும் தர முடியாதுங்க. உப்புத் தண்ணியில கொப்பளிங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அந்தப் பெண் மறுபேச்சு பேசாமல் போனாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏன் கண்ணு, பாராசிட்டமால் ஒண்ணு குடுத்தா என்ன?" என்றேன்.

"நீங்க யாருங்க?"

நியாயமான கேள்வி. சொல்கிறேன்.

என் பெயர் ஜமால். அத்தா சேலத்திலிருந்து மலைக்கு வந்து துணிக்கடை வைத்தவர். துணி கிழிக்க எனக்குக் கை வரவில்லை, கோணலாகப் போகும். அதனால் மருந்து அளக்க அனுப்பினார். சேலத்தில் இரண்டு வருடம் படித்தேன். அந்த இரண்டு வருடத்தில் நினைவில் நிற்பது தராசுத் தட்டைத் துடைத்ததும், வாத்தியார் தூங்கும் நேரத்தில் அவர் குரலில் பாடம் நடத்தி மாட்டிக்கொண்டதும்தான். அந்தப் படிப்பில் ஒருநாள் "பல மருந்துகள் தாய்ப்பாலில் கலந்து வெளிப்படும்" என்று ஒரு வரி வந்தது. அந்த வரிக்கு அடுத்த வரி என்ன என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கம்பவுண்டராகச் சேர்ந்தேன். எஸ்டேட் கைமாறி டிஸ்பென்சரியை இழுத்து மூடும்வரை அங்கேதான். ஐம்பத்திரண்டு வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். எஸ்டேட் வேலைக்காரர்கள் குடியிருக்கிற லைன் வீட்டு ஜனங்கள் என்னைக் 'கம்பவுண்டர் பாய்' என்பார்கள். ஊசி போடும்போது சிரிக்க வைப்பேன். சிரிக்கிற சமயம் பார்த்துக் குத்திவிடுவேன். அதனால் நான் வாயைத் திறந்தாலே குழந்தைகள் அழும்.

குழாய்க் கதை என் வீட்டில்தான் சட்டமாயிற்று. எங்களுக்கு முதல் பெண் பிறந்து பத்து நாள். மனைவி நூர்ஜஹானுக்குத் தலைவலி. அவள் அம்மா, அதாவது என் மாமியார், வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது மாத்திரையும் உள்ளே போயிருந்தது, குழந்தையும் பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. பத்து நாள் குழந்தை தூங்கத்தான் செய்யும். எனக்கு அது மயக்கமாகத் தெரிந்தது.

மூக்குக்கு நேரே கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். உள்ளங்காலைச் சுண்டினேன். டிஸ்பென்சரிக்கு ஓடி ஸ்டெதஸ்கோப்பைக் கொண்டுவந்து வைத்தால் தடதடவென்று ஒரு சத்தம். அது ஓடிவந்த என் இதயம். குழந்தை எழுந்து ஊரைக் கூட்டியது. அழுகிறதே, விஷம் ஏறிவிட்டது என்றேன். நூர்ஜஹானை உட்காரவைத்துப் பாலையெல்லாம் பிழிந்து வாசலில் இருந்த ரோஜாத் தொட்டியில் ஊற்றச் சொன்னேன். பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர்.

"மாத்திரைய மாப்பிள்ளைக்குக் குடுத்திருக்கணும். தலைவலி அவருக்குத்தான்" என்றார் மாமியார்.

மறுநாள் நான் முதலில் போய்ப் பார்த்தது குழந்தையை இல்லை, ரோஜாவை. இரண்டும் நன்றாக இருந்தன. நியாயமாக நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். மாறாக, பாலைப் பிழிந்து கொட்டியதால்தான் குழந்தை பிழைத்தது என்று முடிவுகட்டினேன். என் புத்திசாலித்தனத்தை எஸ்டேட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதோடு விட்டேனா? பால் கொடுக்கிற பெண் யார் வந்தாலும் வலிக்கு மாத்திரை கிடையாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்தாலும்தான். இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை.

எங்கள் டாக்டர் எஸ்தர் ஏற்காட்டில் குடியிருந்தார். செவ்வாயும் வெள்ளியும் எஸ்டேட் ஜீப்பில் வருவார். ஒல்லியான உருவம், வெயில் காலத்திலும் ஸ்வெட்டர், கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். நோயாளியைத் தொடுவதற்குமுன் ஊசி கொதிக்கிற பாத்திரத்தின் ஆவியில் கைகளைக் காட்டிச் சூடாக்கிக்கொள்வார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் 'எவ்வளவு?' என்கிற சொல். "நொம்பக் காய்ச்சலுங்க" என்றால், "எவ்வளவு?" "கொஞ்சம் ரத்தம் போச்சுங்க" என்றால், "எவ்வளவு? கையில காட்டு." நான் ஏதாவது தமாஷ் சொன்னால் அப்போது சிரிக்க மாட்டார். சீட்டை எழுதி முடித்து, பென்சிலை வைத்துவிட்டு, அதற்குப் பிறகு சிரிப்பார். அதற்குள் நானே என்ன சொன்னேன் என்பதை மறந்திருப்பேன்.

அவர் சீட்டில் எழுதுவார், நான் ஜன்னல் வழியாக மருந்து கொடுப்பேன். பிள்ளை பெற்றவள் யாராவது வந்தால், பாராசிட்டமால் என்று எழுதியிருக்கிற இடத்தில் ஓமத் தண்ணீரில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்துவிடுவேன். இனிப்பாக, ஜில்லென்று இருக்கும். சீட்டில் 'கொடுக்கப்பட்டது' என்று ஒரு கோடு. குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. அந்த வருடங்களில் எத்தனை பெண்கள் தையல் வலியையும் இடுப்பு வலியையும் என் கலர் தண்ணீரைக் குடித்துப் பொறுத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தியைத்தான் தெரியும்.

வெள்ளையம்மா. மாரமங்கலத்துக்காரி. புருஷன் சடையனும் அவளும் எஸ்டேட்டில் நிரந்தர வேலைக்காரர்கள், லைன் வீட்டில் குடியிருந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய், பெண் குழந்தையோடு இருபத்தைந்தாம் நாள் திரும்பியிருந்தாள். காபிப் பழம் எடுக்கிற பருவம். லைனே காலியாக இருக்கும், எல்லோரும் தோட்டத்தில். ஒரு செவ்வாய்க்கிழமை, இடது மார்பு கல்லாகக் கட்டிச் சிவந்து, குளிர்காய்ச்சலோடு வந்தாள். பால் கட்டு.

டாக்டர் பார்த்தார். கிருமிக்கு ஒரு மருந்து, வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால். "அந்தப் பக்கம் குடுக்கறத மட்டும் நிறுத்திராத. வலிச்சாலும் குடு. குழந்தை உறிஞ்சினாத்தான் கட்டு கரையும். வலி தாங்கறதுக்குத்தான் மாத்திரை" என்று அவளிடம் சொன்னார். அது என் காதிலும் விழுந்தது.

ஜன்னலுக்கு வந்தாள். கிருமி மருந்தைக் கொடுத்தேன், டாக்டரம்மா தெரியாமலா எழுதியிருப்பார் என்று. வலி மாத்திரையைக் கொடுக்கவில்லை. ஒரு மாத்திரைக்கு டாக்டரை நம்பி இன்னொன்றுக்கு நம்பாதவனின் மூளையில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். சிவப்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன்.

"ஏனுங்க பாய், மாத்திரைன்னு சொன்னாங்களே?"

"தாயி, நல்லாக் கேட்டுக்க. நீ முழுங்கறது எல்லாம் அது முழுங்குது. உனக்குக் குடுத்தா அதுக்குக் குடுத்த மாதிரி. அந்தப் பிஞ்சுக்கு அந்த மாத்திரை தாங்குமா?"

அவள் குழந்தையைப் பார்த்தாள். "வேண்டாமுங்க. நான் பொறுத்துக்கறனுங்க" என்றாள்.

நான் சொன்னது அவளுக்குப் புதிதும் இல்லை. அந்த மலைக் கிராமங்களில் பால்குடி மாறாத பிள்ளைக்குச் சீக்கு வந்தால் பத்தியம் இருப்பது தாய். கஷாயம் குடிப்பதும் தாய். பிள்ளையின் வாயில் எதையும் ஊற்ற மாட்டார்கள். ஊரில் சொல்வதையே படித்தவனும் சொல்கிறான் என்றால் பிறகு அதில் சந்தேகம் எங்கிருந்து வரும்?

வெள்ளிக்கிழமை அவளைப் பார்த்தபோது முகம் சுண்டிப்போயிருந்தது. வலி தாங்காமல் இடது பக்கம் கொடுப்பதை இரண்டு நாளாக நிறுத்தியிருந்தாள். உள்ளே சீழ் கோத்துவிட்டது. கீறித்தான் எடுக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டும் அவ்வளவு வீக்கத்தில் சரியாக ஏறவில்லை. தட்டை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் கத்தவில்லை, என் கோட்டு நுனியைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். துணியை இழுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை.

கட்டுப் போட்டுக்கொண்டே டாக்டர் கேட்டார்: "ஏம்மா, மாத்திரை சாப்பிட்டும் இவ்வளவு வலி இருந்துச்சா?"

"மாத்திரையா? கலர் தண்ணிதானுங்க குடுத்தாரு. புள்ளைக்குப் போயிரும்னு பாய் வேண்டாமுன்னுட்டாரு. நல்ல மனுசனுங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பவில்லை. கட்டை முடித்தார். கத்தரியைத் தட்டில் வைத்தார். கையைக் கழுவித் துடைத்து, அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்து நாற்காலியில் அமர்ந்தார். தப்பிக்க ஒரு தமாஷ் தேடினேன், கிடைக்கவில்லை.

"ஜமால், தாய் சாப்பிடற பாராசிட்டமால்ல குழந்தைக்குப் பால் வழியா எவ்வளவு போகும்?"

"எல்லாமுங்க டாக்டர்."

"எவ்வளவு?"

"முழுசும்…"

அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார். வாசலில் குடிதண்ணீர் பிடித்து வைக்கிற இரும்பு டிரம் ஒன்று உண்டு, ஆள் உயரத்துக்கு முக்கால். மாத்திரையை நுணுக்கி அதில் போடச் சொன்னார். துடுப்பு மாதிரி ஒரு கட்டையால் கலக்கச் சொன்னார். பெஞ்சில் இருந்த ஜனங்கள் எல்லாம் பார்க்கிறார்கள். ஒரு டம்ளர் மொண்டேன்.

"உங்களுக்குத் தலை வலிக்குதா இப்ப?"

"நல்லாவே வலிக்குதுங்க."

"குடிங்க. வலி போகுதான்னு பாருங்க."

குடித்தேன். போகவில்லை.

"தாயோட உடம்பு அந்த டிரம்ன்னு வெச்சுக்குங்க. குழந்தை குடிக்கறது இந்த டம்ளர். அதுக்குப் போகும், ஆனா எவ்வளவு போகும்? இதே மாத்திரைய நாமளே குழந்தைக்குக் காய்ச்சல்னா நேரடியாக் குடுக்கறோம். அந்த அளவுகூடப் பால்ல போகாது. எல்லா மருந்தும் ஒண்ணு இல்ல. அபின் சேர்ந்த வலி மருந்துன்னா குழந்தை தூங்கிப் பால் குடிக்காமப் போகலாம், மூச்சு மந்தமாகலாம். அதை நான் எழுத மாட்டேன். பச்சைக் குழந்தைக்காரிக்கு ஆஸ்பிரினும் எழுத மாட்டேன். குழந்தை குறைமாசமா, எத்தனை நாள் வயசு, எந்த மருந்து, எத்தனை நாளைக்கு. கேக்க வேண்டியது நாலஞ்சு இருக்கு. நீங்க ஒண்ணுமே கேக்கல. பொறுத்துக்கன்னுட்டீங்க."

நான் டம்ளரை டிரம் மூடிமேல் கவிழ்த்து வைத்தேன்.

"அந்தப் பொண்ணுகிட்டத் தப்பாச் சொல்லியிருக்கீங்க. நீங்களே போய்த் திருத்திச் சொல்லுங்க. நான் சொல்லிட்டா அதோட முடிஞ்சுரும். நீங்க சொன்னாத்தான் நாளைக்கு அவ இன்னொருத்திகிட்டச் சொல்லுவா."

அதுதான் அவருடைய தண்டனை. வேலையை விட்டு அனுப்பியிருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

வெளியே பெஞ்சில் வெள்ளையம்மா உட்கார்ந்திருந்தாள். டிரம் கூத்தை அவளும் பார்த்தாள், ஆனால் அது எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை. பாய் ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்திருக்கிறாள். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். பாராசிட்டமாலைக் காகிதத்தில் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு போனேன். 'தாயி, நான் சொன்னது தப்பு.' நாலே வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. வலியில் வெளுத்துப்போன அந்த முகத்தைப் பார்த்ததும், இத்தனை பேருக்கு நடுவில், என் வாயில் வேறொன்று வந்தது.

"இந்தா தாயி. இது புது மாத்திரை. குழந்தைக்குப் போகாத மாத்திரை. சேலத்துல இருந்து உனக்குன்னே வரவழைச்சிருக்கு."

"அப்படியும் ஒண்ணு இருக்குதுங்களா பாய்?"

"இருக்குது. இது மட்டும்தான் போகாது. நீ தைரியமாச் சாப்பிடு."

அவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். டாக்டர் உள்ளே இருந்தார். சொல்லிவிட்டீர்களா என்று கேட்டபோது, "சொல்லிட்டனுங்க" என்றேன். மாத்திரை வலியை அடக்கியது, புண் ஆறியது, குழந்தை மறுபடி இரண்டு பக்கமும் குடிக்க ஆரம்பித்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து பிள்ளை பெற்ற பெண்களுக்கு டாக்டர் எழுதிய வலி மாத்திரையை மறுக்காமல் கொடுத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்கமும் சொன்னேன். வெள்ளையம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை. அவள்தான் ஏற்கெனவே குணமாகிவிட்டாளே என்று ஒரு சமாதானம்.

குழந்தைக்கு இரண்டரை மாதம் ஆனபோது சளியும் காய்ச்சலும் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து இருமல் என்று செவ்வாய்க்கிழமை கொண்டுவந்தாள். டாக்டர் சட்டையை விலக்கி மூச்சை எண்ணினார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முழு நிமிடம். கொஞ்சம் வேகம்தான், நெஞ்சுக்குள் லேசான சத்தம், ஆனால் பால் குடிக்கிறது. கிருமிக்கு ஆம்பிசிலின் எழுதினார். நாளொன்றுக்கு நான்கு வேளை. "பால் குடிக்கலைன்னாலோ, மூச்சு வாங்கினாலோ அந்த நிமிசமே வா. வெள்ளிக்கிழமை எப்படியும் கொண்டு வா."

மருந்து பொடியாகக் குப்பியில் வரும். குப்பியை உள்ளங்கையில் தட்டிப் பொடியை உதிர்த்து, கொதித்து ஆறிய தண்ணீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் அம்புக்குறிவரை நிரப்பி மறுபடி குலுக்க வேண்டும். இதையெல்லாம் நான் பிசகாமல் செய்தேன். குறி கிழித்த மூடி ஒன்றும் கொடுத்தேன். மைதாப் பசை தடவிச் சீட்டு ஒட்டினேன். எஸ்டேட்டில் எல்லாமே வேலைக்காரர் நம்பர் வைத்துத்தான். குழந்தைக்கு ஏது நம்பர்? பேர்கூட இன்னும் வைக்கவில்லை. வழக்கம்போலச் சீட்டில் தாயின் நம்பர், தாயின் பெயர்: வெள்ளையம்மா. எல்லாக் கைக்குழந்தைக்கும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தோம்.

"குழந்தைக்கு மருந்து, தாயி. நாலு வேளை, இந்தக் கோடு வரைக்கும். குலுக்கிட்டு."

"சரிங்க பாய்."

பின்னால் இருபது பேர் வரிசை. ஒருத்திக்குக் குளவி கொட்டி முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. அவளைப் பார்த்து ஏதோ சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். வெள்ளையம்மாவும் சிரித்துக்கொண்டுதான் போனாள்.

வெள்ளிவரை காத்திருக்கவில்லை. வியாழக்கிழமை காலை, நான் அப்போதுதான் ஜன்னலைத் திறந்தேன், பனி இன்னும் விலகவில்லை. சடையன் முன்னால் ஓடிவந்தான், பின்னால் அவள். துணியை விலக்கினேன். மூச்சு இழுக்கும்போது குழந்தையின் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. உதட்டோரம் நீலம்.

"பால் குடிக்குதா?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து இல்லீங்க."

"மருந்து குடுத்தியா?"

"ஒரு வேளை விடலீங்க பாய். குப்பியில பாதிக்கு மேல தீந்துபோச்சு. இனிப்பாத்தான் இருந்துச்சு. ஒரு சொட்டு சிந்தாமக் குடிச்சுப்போட்டனுங்க."

"யாரு?"

"நானுங்க."

சடையன் கையில் குப்பி. "இவ பேருதானுங்களே எழுதியிருக்குது" என்றான். நாலாங்கிளாஸ் படித்தவன், எழுத்துக் கூட்டிப் படிப்பான்.

"ஏனுங்க, நீங்கதான சொன்னீங்க, நான் முழுங்கறது எல்லாம் அது முழுங்குதுன்னு? இது அந்தப் போகாத மாத்திரை இல்லீங்களே?" என்றாள் வெள்ளையம்மா. கோபமே இல்லை. சரியாகச் செய்தோமா என்று கேட்கிற குரல்.

அடுத்த பத்து நிமிடம் நான் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் எந்தச் சர்க்கஸும் உங்களுக்குத் தேவைப்படாது. ஸ்டெதஸ்கோப்பைத் தேடினேன், கழுத்தில் இருந்தது. மருந்தைக் குழந்தைக்கு ஊற்றப் போனேன். மூச்சு வாங்குகிற குழந்தைக்குப் புரையேறும் என்று நினைவு வந்து நிறுத்தினேன். ஜீப்பைக் கூப்பிட மேனேஜரின் மேட்டு பங்களாவுக்கு ஓடினேன். பாதி வழியில், ஜீப் முந்தின நாளே சேலம் போய்விட்டது என்பது ஞாபகம் வந்து திரும்ப ஓடினேன். செருப்பு ஒன்றைக் காணோம். நல்லவேளை காபி மூட்டை ஏற்றிய லாரி கிளம்புகிற நேரம். டிரைவர் பக்கத்தில் வெள்ளையம்மாவும் குழந்தையும் நானும், மூட்டைமேல் சடையன்.

ஏற்காட்டில் டாக்டர் வீட்டு வாசலில் லாரியை நிறுத்தினோம். அவர் இறங்கிவந்து குழந்தையைப் பார்த்தார். அங்கேயே ஊசி போட்டார். டிரைவரிடம் தன் காரை எடுக்கச் சொல்லி, அம்மாவையும் பிள்ளையையும் பின்னால் ஏற்றித் தானும் ஏறினார். நான் முன்னால். சடையன் லாரியிலேயே பின்னால் வந்தான். மலை இறங்கும்போது கேட்டார்:

"மருந்து எவ்வளவு போயிருக்கு?"

"ஒண்ணும் போகலீங்க டாக்டர்."

"செவ்வாய்க்கிழமையில இருந்து?"

"ஒண்ணும் போகலீங்க. அவங்க குடிச்சிருக்காங்க." பிறகு சொன்னேன்: "நான் அன்னிக்கு அவங்ககிட்டத் திருத்திச் சொல்லலீங்க."

கண்ணாடியில் பார்த்தேன். குழந்தையின் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கடிகாரத்தைக்கூட இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் வெள்ளையம்மா குழந்தையோடு சாய்ந்து நிமிர்ந்தாள். நாங்கள் பேசியது அவளுக்கு அரைகுறையாகத்தான் விளங்கியிருக்கும். கொஞ்சம் கழித்து, "ஏனுங்க டாக்டரம்மா, பால் குடுத்துப் பாக்கட்டுங்களா? காலையிலகூட ஒரு கோடு குடிச்சனுங்க. மருந்து இன்னும் உள்ளதான இருக்கும்?" என்றாள்.

"இப்ப வேண்டாம்மா. மூச்சு வாங்குது. புரையேறிடும்" என்றார் டாக்டர். அவள் ரவிக்கையை இழுத்து மூடிக்கொண்டாள். இடது பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது.

சேலத்தில் ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் குழந்தை இறந்துவிட்டது.

எட்டாம் நாள், அவர்கள் போயிருந்த வெள்ளையம்மாவின் அம்மா வீட்டுக்கு, மாரமங்கலம் போனேன். டாக்டர் போகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து என்னிடம் வேலை தவிர ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பஸ் இறங்கி மிளகுக்கொடிக்கு நடுவே நடந்தேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை. அங்கே போனதும் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். தாய் சாப்பிடுகிற மருந்து பாலில் சிறிதளவுதான் போகும். வலி மாத்திரையும் அப்படித்தான். அன்றைக்கு நீ வலியைப் பொறுத்திருக்க வேண்டியதே இல்லை. போகாத மாத்திரை என்று தனியாக ஒன்று கிடையாது. நான் வெட்கப்பட்டுக்கொண்டு பொய் சொன்னேன். கிருமி மருந்தைக் குழந்தையின் வாயில் ஊற்றியிருக்க வேண்டும். அதை நான் உனக்குச் செய்து காட்டியிருக்க வேண்டும்.

சடையன் எழுந்து வெளியே போய்விட்டான். வெள்ளையம்மா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப, ஊத்தியிருந்தா பொழச்சிருக்குங்களா?"

"பொழைக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியாது தாயி. பொழச்சிருக்கலாம்."

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க."

"சொல்லியிருக்கணும்."

"போயிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை. அவர்கள் மறுபடி எஸ்டேட்டுக்குத் திரும்பவில்லை. வேறெங்கோ வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகு கைக்குழந்தைக்கு மருந்து கொடுத்தால், முதல் வேளையை என் எதிரில் தாயே குழந்தையின் வாயில் ஊற்ற வேண்டும். பார்த்த பிறகுதான் அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். வரிசை நீளும், முணுமுணுப்பார்கள். சீட்டில் 'குழந்தை' என்று சிவப்பு மையில் எழுதினேன். மருந்துக் கடைப் பிள்ளைக்கு நான் யார் என்பதற்கான பதில் இதுதான். அவளிடம் சொல்ல முடியாமல்தான் இங்கே எழுதுகிறேன். பால் கொடுக்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால், தர முடியாது என்று ஜன்னலைச் சாத்தாதீர்கள். தெரியவில்லையா, தெரிந்தவரைக் கேட்டுச் சொல்லுங்கள். சொன்னது தப்பென்று பிறகு தெரிந்தால், அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.

நடந்தது இவ்வளவுதான். வெள்ளையம்மாவின் குழந்தைக்கு வந்தது நிமோனியா. அதற்கு எழுதிய மருந்து செவ்வாய் மதியத்திலிருந்து வியாழன் காலைவரை ஒரு துளிகூட அதன் வாய்க்குள் போகவில்லை.